சர்வர்களைப் பகலில் மாற்றிய சித்திரை

"யுபிஎஸ் அறை பேட்டரிகளில் காணப்படும் குறைபாட்டை முன்னிட்டு, மைய டைரக்டரிக்கு மாறும் பணி முன்பு முடிவு செய்தபடி இரவில் ஒரே கட்டமாக நடைபெறாது. துறைவாரியாக, பகல் நேரத்தில் நடைபெறும். துறைத் தலைவர்கள் ஒத்துழைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

எங்கள் பல்கலைக்கழகக் கணினி மையத்தின் சுற்றறிக்கை இது. 2025 ஏப்ரல், மூன்றாம் திங்கட்கிழமை தேதியிட்டது. இயக்குநர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதன் நகல் ஒன்றை நான் வைத்திருக்கிறேன். எதையும் தேதியோடு எடுத்து வைப்பது எனக்குப் பழக்கம். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளைக்கூட காலண்டரில் குறித்து வைப்பவள் நான். அதனால்தான் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை கேட்காமலே என் தலையில் விழுந்தது. பதவி என்னவோ சிஸ்டம் அனலிஸ்ட்.

மைய டைரக்டரி என்றால் என்ன என்று என் வீட்டில் கேட்டபோது நான் சொன்ன விளக்கத்தையே இங்கும் சொல்கிறேன். அதுவரை ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி சர்வர். வேதியியல் துறையில் ஒருவருக்குக் கணக்குத் திறந்தால் அது வேதியியலுக்கு மட்டும். அவரே நூலகத்துக்குப் போனால் வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. தேர்வுப் பிரிவில் இன்னொன்று. ஒரு பேராசிரியர் நான்கு பாஸ்வேர்டுகளைச் சட்டைப்பையில் சீட்டாக வைத்துக்கொண்டு நடந்தார். அந்தச் சட்டையைச் சலவைக்குப் போட்ட மறுநாள் எங்களைத் தேடி வந்தார். இனி எல்லோருடைய பெயரும் ஒரே இடத்தில் இருக்கும். எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்தாலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. சொல்ல எளிது. அதற்குத் திட்டம் போடவே இரண்டு வருடம் ஆனது.

அந்தத் திட்டம் என் சக ஊழியர் ஒருவருடையது. நெட்வொர்க் பொறுப்பாளர், நாற்பதை ஒட்டிய வயது, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். நான் அவரை அம்மணி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கணவருக்கு காந்திபுரத்தில் மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை. குடியிருப்பு பீளமேட்டில் வாடகை வீடு. மாமியார் ஊர் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒவ்வொரு துறைக்கும் நேரில் போய், மேசைக்கு அடியில் குனிந்து, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்து, படம் வரைந்து, அந்தப் படங்களையெல்லாம் ஒட்டி ஒரே படமாக்கினார். அது எங்கள் அறைச் சுவரில் ஒரு கதவளவுக்குத் தொங்கியது.

அந்த வருடம் மார்ச் மாதத்தில் ரமலான். நான் கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போதும் அங்கேதான் வீடு. இறுதிக்கட்டக் கூட்டங்கள் எல்லாம் அந்த மாதத்தில்தான். வழக்கமாக மூன்று மணிக்கு மேல் ஆரம்பித்து இருட்டிய பிறகு முடியும் கூட்டங்கள், அந்த மாதம் மட்டும் காலை பத்துக்கே நடந்தன. நான் கேட்கவில்லை. இரண்டாவது வாரம்தான் அது யார் வேலை என்று தெரிந்தது. ஒரு துறைத் தலைவர் போனில் அம்மணியிடம் சாயங்காலம் வைக்கலாமே என்று கேட்டிருக்கிறார். இவர் சொன்ன பதில் என் காதில் விழுந்தது.

"சாயங்காலம் எனக்குத் தோதுப்படாதுங்க சார். ஊட்டுல சோலி இருக்குதுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊட்டுல என்ன சோலி அம்மணி?"

"ஒண்ணுமில்லீங்க்கா. சும்மா சொன்னேன்."

தினமும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீட்டில் இருந்தேன். அதைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசவில்லை.

இயக்குநர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் ஊருக்கு வந்து மூன்று வருடமாகியும் எங்கள் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. "சர்வரைக் கொடுக்க முடியுமா முடியாதான்னு கேட்டா 'பாத்துக்கலாங்க'ன்னு சொல்லுதாங்க. இது ஆமாவா, இல்லையா? இந்த ஊர்ல முடியாதுன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்ல. ஆனா பாதி வேல நடக்க மாட்டேங்கு" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

மார்ச் கடைசியில் இறுதிக் கூட்டம். மே மாத முதல் வெள்ளிக்கிழமை இரவு எல்லாத் துறை சர்வர்களையும் ஒரே நேரத்தில் நிறுத்துவது, விடிவதற்குள் அத்தனை கணக்குகளையும் மைய டைரக்டரிக்கு மாற்றுவது, சனிக்கிழமை காலை யாரும் உணராதபடி எல்லாம் ஓடிக்கொண்டிருப்பது. இதுதான் திட்டம். ஒவ்வொரு துறையிலும் ஆய்வகப் பொறுப்பாளர் அன்றிரவு அறையைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே இருக்க வேண்டும். எங்கள் அறையில் அவர் தலைமையில் நாங்கள் மூன்று பேர். இயக்குநர் மேசையைச் சுற்றி ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டார், இரவு இருக்க முடியுமா என்று. ஒவ்வொருவரும் தலையை ஆட்டினார்கள். "ஆகட்டுங்க." "அதுக்கென்னங்க." "வந்தாப் போச்சுங்க." கூட்டக் குறிப்பில் நான் எழுதியது: இரவுப்பணிக்கு அனைவரும் ஒப்புக்கொண்டனர்.

பெருநாள் முடிந்தது, சித்திரை பிறந்தது. சித்திரை பிறந்த அந்த வாரத்தில்தான், ஒரு வியாழக்கிழமை மதியம், நாங்கள் இருவரும் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தோம். நாங்கள் எப்போதும் குழம்பைப் பகிர்ந்துகொள்வோம். அவர் வீட்டுப் பருப்பு எனக்குப் பிடிக்கும். கடுகும் சீரகமும் பூண்டும் நெய்யில் பொரிந்த வாசம் மூடியைத் திறக்கும்போதே வரும். அன்று வாசம் எதுவும் வரவில்லை. வெந்த பருப்பு, உப்பு, மஞ்சள். அவ்வளவுதான்.

"என்ன அம்மணி, தாளிக்க மறந்துட்டியா?"

"மறக்கலீங்க்கா. மாமியார் ஊர்ல செவ்வாக்கிழமை பூச்சாட்டிட்டாங்க. மாரியம்மன் நோம்பி. முடியற வரைக்கும் எங்கூட்ல தாளிக்கறதில்லீங்க." எங்கள் பக்கம் நோம்பி என்றால் கோயில் திருவிழா, பூச்சாட்டுவது அதைத் தொடங்கிவைக்கும் சடங்கு.

"அதுக்கு நீ ஏன் பீளமேட்டுல தாளிக்காம இருக்கோணும்?"

"நாங்க ரெண்டு பேரும் இப்ப ஊர்லதான் இருக்கறோங்க்கா. வெடியால மொத பஸ்சுல வாரேன்."

பல்லடம் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். அதைத் தினமும் இரண்டு தடவை. ஏன் என்று கேட்டேன். அவர் பருப்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

போன வருடம் அவர் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அந்த நாட்களை நானும் அறிவேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு துறை சர்வர்களின் கோளாறுகளைப் பார்த்தவர் அவர். அப்போது ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறார். இவர் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்து நோம்பி சாட்டும்போது, கம்பம் நிற்கும் அத்தனை நாளும் விடிகாலையில் ஒரு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று. கம்பம் என்பது மூன்று கிளையாகப் பிரியும் ஒரு மரத்துண்டு. அதை அம்மன் கோயில் முன்னால் நடுவார்கள். பெண்கள் குளித்து, ஈரச் சேலையோடு, வேப்பிலை போட்ட குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து அதற்கு ஊற்றுவார்கள். கம்பம் நட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் ராத்திரி தங்காமல் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும்.

"எப்ப நடறாங்க?"

"வர்ற செவ்வாக்கிழமைங்க."

"எப்ப எடுக்கறாங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க தேதி போட்டுப் பாத்துட்டீங்கல்லங்க்கா."

பார்த்துவிட்டேன். கம்பம் பதினைந்து நாள் நிற்கும், மே மாத முதல் வெள்ளிக்கிழமை அதற்கு நடுவில் வந்தது.

"கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே கண்ணு."

"கூட்டம் நடந்தப்ப நோம்பியே முடிவாகலீங்க்கா. ஊர்ல ரெண்டு பக்கத்துக்கும் பேச்சு வார்த்தை இல்லாம ஆறேழு வருசமா சாட்டவே இல்ல. பங்குனி கடைசில சாமிகிட்டப் பூவாக்குக் கேட்டாங்க. வலப்பக்கம் பூ உளுந்துருச்சு. சாட்டிட்டாங்க. இந்தத் தேதி எந்தக் காலண்டர்லயும் இருக்காதுங்க."

"இப்ப இயக்குநர்கிட்டச் சொல்லு. ஒரு வாரம் தள்ளிப் போடலாம்."

"அடுத்த வாரம் தேர்வுப் பிரிவுக்கு சர்வர் வேணுங்க. அப்புறம் அட்மிஷன். தள்ளுனா ஆடிக்குத்தான் போகும். துணைவேந்தர் ஆபீஸ்ல தேதி சொல்லியாச்சு." டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தார். "ரெண்டு வருசமா எல்லாத்தையும் ராத்திரி வாங்க, ராத்திரி வாங்கன்னு கூப்புட்டுப்போட்டு, நானே எங்கூர்ல கம்பம் நட்டிருக்குது, வர முடியாதுன்னு நின்னா எப்பிடீங்க்கா இருக்கும்? வீட்டுக்காரர் சொல்லிட்டாரு, ஒரு நாள்தானே, போய்ட்டு வா, அம்மனுக்குத் தெரியாதாங்கறாரு. அந்த ஒரு நாள் விட்டுட்டு மத்த நாள் ஊத்திக்கறேன்."

"நீ இல்லாம நாங்க பண்ண முடியாதா?"

"பண்ணலாங்க. போன்ல சொல்லலாம்." அவர் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார். "ஆனா எனக்கு இருக்கோணுங்க்கா. அன்னிக்கு நான் அங்க இருக்கோணும்."

அதுதான் அவர் நிலை. வேண்டுதலையும் விட மனமில்லை, இரண்டு வருடம் தன் கையால் வரைந்த வேலை முடியும் நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் இருக்கவும் மனமில்லை. இரண்டில் ஒன்றை விடுவதென்று முடிவு செய்திருந்தார். எதை விடுவது என்பதையும் முடிவு செய்துவிட்டார். ஆனால் டப்பாவில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க்கா" என்றார்.

சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன் என்றே நினைக்கிறேன். நான் செய்தது வேறு. கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் என்ற முறையில், எந்தெந்த அறையை அன்றிரவு யார் திறப்பார்கள் என்று உறுதி செய்துகொள்வது என் வேலைதான். இன்னும் ஒரு வாரம் கழித்துச் செய்ய வேண்டியதை, புனித வெள்ளி விடுமுறை என்றும் பார்க்காமல், வெள்ளிக்கிழமை காலையே வீட்டிலிருந்து செய்தேன். ஒவ்வொரு துறையாக போன் போட்டேன்.

முதலில் இயற்பியல். ஆய்வகப் பொறுப்பாளர் கொடுமுடிப் பக்கம்.

"மே மாசம் மொத வெள்ளி ராத்திரிங்களா? வந்தர்லாங்க மேடம். ஆனா எட்டு மணிக்குக் கெளம்பிருவனுங்க. எங்கூர்ல கம்பம் நட்டிருக்குதுங்க."

"கூட்டத்துல ராத்திரி பூரா இருக்கறேன்னு சொன்னீங்களே?"

"நீங்க அத்தன பேரு முன்னாடி கேட்டீங்க. மாட்டேன்னு எப்பிடீங்க சொல்றது? சாவியத் தந்துட்டுப் போறனுங்க."

"சாவிய யாருகிட்டத் தருவீங்க?"

"வேதியியல்காரர்கிட்டத் தந்தர்றனுங்க. அவுரு இருப்பாரு."

வேதியியல்காரரை அழைத்தேன். அவர் அன்றிரவு ஈரோட்டில் மச்சான் வீட்டு நிச்சயதார்த்தம் என்றார். "நிச்சயதார்த்தம் மறுநா காலைலதானுங்க. ஆனா ஒறம்பரை சனமெல்லாம் முந்தின பொழுதோட வந்துருமுங்க. நான் இல்லாட்டி நல்லா இருக்காதுங்க." தன் அறைச் சாவியை இயற்பியல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

நூலகத்தில் இருந்தவர் கொஞ்சம் யோசித்தார். "மேடம், நான் வாரனுங்க. ஆனா எங்கூட்டம்மா அனுப்போணுமே. இந்த வருசம் அவுங்கதான் மாவிளக்கு எடுக்கறாங்க." மேலாண்மைத் துறைக்காரர் நேரடியாகவே கேட்டார்: "ஏனுங்க மேடம், கோடை காலத்துல சித்திரை வைகாசில எங்க ஊருப்பக்கம் ராத்திரிக்கு ஆள் கெடைக்குமாங்க? உங்களுக்கு ஆரு அந்த யோசனை சொன்னது?"

"நீங்களும் அன்னிக்குத் தலையாட்டுனீங்க சார்."

"எல்லாரும் ஆட்டுனாங்க, நானும் ஆட்டுனனுங்க."

மதியத்துக்குள் கணக்குப் புரிந்துவிட்டது. அந்த இரவு எங்கள் மூன்று பேரைத் தவிர வளாகத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். முக்கால்வாசி அறைகள் பூட்டியிருந்திருக்கும், அவற்றின் சாவிகள் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போய், கடைசியில் கொடுமுடிக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏறியிருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டவர் மனம் கோணக்கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அத்தனை ஒப்புதலையும் கூட்டினால் ஒரு ஆள்கூடத் தேறவில்லை.

சனிக்கிழமை காலை இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். துறை துறையாகச் சொன்னேன். முதலில் அவர் முகம் இறுகியது. இயற்பியல்காரரும் வேதியியல்காரரும் ஒருவருக்கொருவர் சாவி கொடுத்துக்கொள்ளும் இடம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நான் என்ன சொன்னேன்? இந்த ஊர்ல முடியாதுன்னு சொல்ல ஆளே கெடையாதுன்னு சொன்னேன்லா? சரி, பகல்ல பண்ணுனா என்ன?"

"துறைக்கு ஒரு பகல் கம்ப்யூட்டர் இருக்காது சார். அதுக்காகத்தான் ராத்திரின்னு வச்சோம்."

"ஒரு பகல் கம்ப்யூட்டர் இல்லன்னா குடி ஒண்ணும் முங்கிறாது. ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு துறையா எடுங்க. ரெண்டு வாரத்துல முடிஞ்சுரும்லா?" பிறகு, மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்திக்கொண்டே கேட்டார்: "அந்தம்மா ஊரு எது? காங்கேயம் பக்கம்லா?"

"ஆமாங்க சார்."

"ரெண்டு மூணு நாளா தலையில ஈரம் காயாமயே வருதாங்க."

நான் கையிலிருந்த நோட்டை மூடினேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. "நீங்க போங்க. திங்கக்கெழம சர்குலர் வரும்" என்றார்.

திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. அதில் நோம்பி இல்லை, சாவி இல்லை, நிச்சயதார்த்தம் இல்லை. பேட்டரி இருந்தது. இரவில் ஜெனரேட்டர் இயக்க ஆள் கிடையாது. மின்சாரம் போனால் சர்வர்கள் பேட்டரியை மட்டுமே நம்பி நிற்க வேண்டும். பேட்டரி சரியில்லை என்றால் இரவு வேலை ஆபத்து. யாரும் மறுத்துப் பேச முடியாத காரணம். அதைப் படித்துவிட்டு அம்மணி தன் இருக்கையிலிருந்து என்னிடம் வந்தார்.

"பேட்டரி போயிருச்சாங்க்கா? போன மாசம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"அப்பிடித்தான் போட்டிருக்குது."

"நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"உன்னப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல."

சுற்றறிக்கையை மடித்து என் மேசைமேல் வைத்தார். பிறகு சுவரில் இருந்த படத்தின் முன்னால் போய் நின்று, எந்தத் துறையை முதலில் எடுப்பது என்று பென்சிலால் எண் போட ஆரம்பித்தார்.

கம்பம் நட்ட மறுநாள், புதன்கிழமை, முதல் துறை. மின்னணுவியல். அவர் எட்டே முக்காலுக்கு வந்துவிட்டார். கூந்தல் நுனியில் ஈரம், பஸ் காற்றில் பாதி காய்ந்திருந்தது. கைப்பை வாரில் ஒரு வேப்பங்கொத்து. பழைய சர்வரை நிறுத்தினோம், கணக்குகளை மாற்றினோம், புதிய பெயரில் ஒருவர் உள்ளே நுழைந்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒருவர் கேள்வித்தாள் அச்செடுக்கப் போனார். அச்சு வரவில்லை. அந்தத் துறையின் எந்த பிரிண்டரும் வேலை செய்யவில்லை. பிரிண்டர்கள் எல்லாம் பழைய சர்வரின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தன. எங்கள் திட்டத்தில் அந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அவர் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய மதியம் ஆயிற்று. மற்ற துறைகளுக்கு முன்கூட்டியே மாற்றிவிட்டார். ஒரே இரவில் செய்திருந்தால் சனிக்கிழமை காலை பல்கலைக்கழகம் முழுவதும் ஒரு தாள்கூட அச்சாகியிருக்காது.

அதன் பிறகு வேலை சுலபமானது. தாமதம் வேறு வகையில் வந்தது. பகலில் போனதால் நாங்கள் எல்லாத் துறைக்கும் விருந்தாளிகள் ஆகிவிட்டோம். "சித்த உக்காருங்க, ஒரு வாய் காபி குடிச்சுட்டு அப்புறம் ஆப் பண்ணலாங்க" என்பார்கள். காபி வரும், கூடவே ஓமப்பொடி வரும், யாரோ வீட்டில் சுட்ட கச்சாயம் வரும். அம்மணி கச்சாயத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொள்வார். நோம்பி முடிகிற வரை எண்ணெயில் பொரித்ததைத் தொடுவதில்லை. அதைப் பார்த்ததும் எதிரே இருப்பவர் "உங்கூர்லயும் சாட்டியிருக்குதுங்களா?" என்று கேட்பார். எந்த ஊர், எந்தக் கோயில், யார் பங்காளி என்று பேச்சு ஒரு சுற்றுப் போய் வரும். அதற்குள் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கணிதத் துறையில் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த பேராசிரியர் தன் பழைய பாஸ்வேர்டை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டார். அது அவர் மகளின் பிறந்த தேதி. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், தினமும் காலையில் இதைத் தட்டுவதுதான் பழக்கம் என்றார். புதிய டைரக்டரியிலும் அதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வெறும் எண்களாக இருக்கக்கூடாது, கூட எழுத்தும் வேண்டும் என்பது எங்கள் விதி. அம்மணி பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் செல்லப்பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பேராசிரியர் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். "இது இன்னும் நல்லா இருக்குதுங்க" என்றார்.

மாலை நான்கு மணிக்கு அம்மணி கிளம்பிவிடுவார். ஒரு நாள் நேரம் தப்பி நாலரை ஆனபோது, இயக்குநரே வந்து வாசலில் நின்று, "என்னம்மா, பஸ் போயிறும்லா" என்றார். அவர் வேறு ஏதோ வேலையாக வந்தவர்போல என்னிடம் ஒரு கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கோப்பு அவருக்குத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. மறுநாள் அப்படியே திரும்பி வந்தது.

கடைசித் துறை நூலகம். அது மே மாத முதல் புதன்கிழமை. அன்று அவர் ஊரில் மாவிளக்கு. இருட்டிய பிறகு கம்பத்தைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கிணற்றில் விடுவார்கள். அன்று காலை கடைசித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தார். விரலெல்லாம் மஞ்சள். மதியம் ஒரு மணிக்குள் போக வேண்டும். நூலகத்தில் மாணவர் கணக்குகள் அதிகம். பாதிதான் ஏறியிருந்தது.

"போ அம்மணி. மீதிய நான் பாத்துக்கறேன்."

"கடைசிப் பேரு ஏறுறப்ப நான் இருக்கோணும்னு நெனச்சேனுங்க்கா."

"பழசு ஒண்ணு இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குது. அதை நீ நிறுத்திட்டுப் போ."

நூலகத்தின் பழைய சர்வர் அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் வைத்தது. கணக்குகளின் பிரதியை நாங்கள் ஏற்கெனவே எடுத்திருந்ததால் அதற்கு இனி வேலை இல்லை. அவர் அதன் முன்னால் உட்கார்ந்து, நிறுத்தச் சொல்லிக் கட்டளை தட்டினார். விசிறிச் சத்தம் குறைந்து நின்றது. அந்த அறையில் அவ்வளவு நாளாக ஒரு இரைச்சல் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. அவர் அதன் மேல் மூடியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். மூடியில் லேசாக மஞ்சள் ஒட்டியது. துடைக்கவில்லை.

"போயிட்டு வாரேனுங்க்கா."

மீதிக் கணக்குகள் ஏறி முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. கடைசிச் சோதனையாக, நூலகக் கணினி ஒன்றில் புதிய பெயரோடு ஒருவர் உள்ளே போக வேண்டும். யார் பெயர் என்று திட்டத்தில் எழுதவில்லை. நான் அவருக்கு போன் போட்டேன். உடனே எடுத்தார். பின்னால் தப்பட்டைச் சத்தம். கம்பத்தைச் சுற்றி ஆண்கள் ஆடும் ஆட்டம் தொடங்கிவிட்டது போலிருந்தது.

"ஏறிருச்சுங்களாக்கா?"

"ஏறிருச்சு. கடைசி லாகின் மட்டும் பாக்கி. உன் பேருல போகட்டுமா?"

"என்னங்க்கா? கேக்கல. சித்த இருங்க, அக்கட்ட வாரேன்."

சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. நான் மறுபடி கேட்டேன்.

"பாஸ்வேர்டு சொன்னா நான் அப்புறம் மாத்தோணுமேங்க்கா" என்றார். இரண்டு வருடமாக எல்லோரிடமும் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று சொன்னவர் அவர். பிறகு சிரித்து, ஓர் எழுத்து விடாமல் சொன்னார். நான் தட்டினேன். திரை திறந்தது. அவர் பெயர் மேலே வந்தது.

"வந்துருச்சு கண்ணு."

தப்பட்டை மட்டும் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல், அவர் கணவருடையது: "ஏனுங்க்கா, என்ன சொன்னீங்க? இவ அழுதுட்டிருக்கறா."

"நல்ல சேதிதானுங்க. எல்லாப் பேரும் வந்துருச்சுன்னு சொல்லுங்க."

"செரிங்க. மாவிளக்கு நாளன்னிக்குக் குடுத்து உடறேன்."

வியாழக்கிழமை அவர் வரவில்லை, மஞ்சள் நீராட்டு. வெள்ளிக்கிழமை மாவிளக்கு மாவு வந்தது. சாப்பாட்டு டப்பாவும் வந்தது. மூடியைத் திறந்ததும் கடுகும் பூண்டும் நெய்யில் பொரிந்த வாசம். பாஸ்வேர்டை அதற்குள் மாற்றியிருந்தார்.

கல்வெட்டுத் தொகுதிகளைப் படிப்பது என் பொழுதுபோக்கு. இன்ன நாளில் இன்னார் இந்தக் கோயிலுக்கு இத்தனை ஆடு கொடுத்தார் என்று இருக்கும். ஏன் கொடுத்தார் என்பது பெரும்பாலும் இருக்காது. எங்கள் கோப்பும் அப்படித்தான். மாற்றம் பகலில் நடந்தது என்று இருக்கிறது, காரணம் பேட்டரி என்று இருக்கிறது. பின்னால் வருபவர்கள் அதைத்தான் படிப்பார்கள். அதனால் மற்றதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேட்டரியைப் பற்றி மட்டும் என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. அந்த ஏப்ரலில் பராமரிப்பு நிறுவனத்தார் வந்து பார்த்ததற்கான சீட்டு கோப்பில் இல்லை. இல்லை என்பதாலேயே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்த நிறுவனம் சீட்டுக் கொடுக்காமல் போன மாதங்கள் வேறு உண்டு. யுபிஎஸ் அறைக்காரரிடம் கேட்டேன். "இருந்திருக்கலாங்க மேடம்" என்றார். இயக்குநர் போன மார்கழியில் மாற்றலாகித் தன் ஊர்ப்பக்கமே போய்விட்டார். கிளம்பும் நாளன்று நேரடியாகவே கேட்டுவிட்டேன், அந்த பேட்டரி உண்மையிலேயே பழுதா என்று.

"பாத்துக்கலாங்க" என்றார், எங்கள் ஊர்க்காரர் மாதிரியே.

2025 ஏப்ரலில் எங்கள் யுபிஎஸ் பேட்டரிகள் பழுதாக இருந்தனவா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.